கார்த்திகைப்பூவைக் கிட்ட எடுக்கேக்கை எவ்வளவு இடம் விடுறது, படத்தை எங்கை வெட்டுறது?

பரந்தன்பெடியன்:
அண்ணைமார், அக்காமார், வேலி முழுக்கக் கார்த்திகைப்பூ பூத்துக் கிடக்குது. கமரா 24 மெகாபிக்சல், அதோடை வந்த 18-55 லென்ஸ்தான் இருக்கு. பூவை நிரப்பி எடுத்தால் கேசரம் ரண்டு பக்க ஓரத்திலையும் முட்டுது. தள்ளி நிண்டு எடுத்துப் பிறகு வெட்டினால் படம் கலங்கலாக் கிடக்கு. பின்னாலை வானம் வெள்ளைப் பொட்டுப் பொட்டா வருது. சிவப்பும் ஒரே அப்பின மாதிரி, இதழின்ரை வரி ஒண்டும் தெரியேல்லை. 12க்கு 8 அங்குலத்திலை பிரிண்ட் போட்டு பிரேம் அடிக்கவேணும். மக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைக் கிட்டப் பெருப்பிச்சு எடுக்கிறது) வாங்காமல் சரிவருமோ?

குளக்கட்டு:
தம்பி, இந்தப் பூவுக்கு மக்ரோ தேவையில்லை. கேசரத்தோடை சேர்த்து அகலம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். லென்ஸை 55இலை வைச்சுக் கிட்டப் போனால் அதைவிடச் சின்ன இடத்தையே நிரப்பும், அதாலைதான் முட்டுது. கமராவைப் படுக்கையாப் பிடியும். பூ படத்தின்ரை நீளப் பக்கத்திலை மூண்டிலை ரண்டு பங்கு வாறவரை பின்னுக்கு வாரும். நிமித்திப் பிடிச்சால் கேசரம் திரும்பவும் இடிக்கும்.

கலங்கலுக்கு வெட்டினதைக் குறை சொல்லாதையும். உம்மடை படம் 6000க்கு 4000 பிக்சல். 3600க்கு 2400ஆ வெட்டினாலும் 12 அங்குலப் பிரிண்டிலை ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்கு. 3000க்கு 2000, அதாவது பரப்பிலை கால்வாசி மிஞ்சினாலும் 250 வரும், அதுவும் காணும். அதுக்குள்ளையே கலங்கினால் எடுக்கேக்கையே கலங்கிப்போச்சு. நூறு வீதத்துக்குப் பெருப்பிச்சுப் பாரும். பூ மட்டும் ஒரு திசைக்கு இழுபட்டிருந்தால் காத்து, முழுப்படமும் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். பின்னாலை நிக்கிற இலை கூர்மையா இருந்து பூ மட்டும் மங்கலெண்டால் பொக்கஸ் பிழை.

அந்தத் தூரத்திலை லென்ஸின்ரை துவாரத்தை (அபேச்சர்) எஃப் 8 வைச்சால் கூர்மையா விழுற ஆழம் ஒண்டரைச் சென்ரிமீற்றர்தான், எஃப் 11 எண்டால் ரண்டு. முன் கேசரத்திலை இருந்து பின் கேசரம் வரை அது எட்டாது. எட்ட வைக்கிறதெண்டு எஃப் 22க்குப் போகாதையும், சின்னத் துவாரத்தின்ரை விளிம்பிலை ஒளி வளையிறதாலை முழுப்படமும் கூர்மை குறைஞ்சுபோகும். பூ தலைகீழாத் தொங்கிறதாலை பக்கவாட்டாக் குந்தி, கமரா பூவின்ரை மட்டத்திலை இருக்க, முன்பக்கத்து இரண்டு மகரந்தக்கூட்டையும் ஒரே தூரத்துக்குக் கொண்டு வாரும். பொக்கஸ் புள்ளியை அதிலை ஒண்டிலை வையும்.

சட்டர் வேகம் 1/400 செக்கனுக்குக் குறையவிடாதையும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 வந்தால் வரட்டும், படத்திலை மணல் மாதிரிப் புள்ளி தெரியிறது ஆட்டத்தைவிட மேல். ஒரு தடியை நட்டு, பூவுக்குக் கீழை கொடியை உடுப்புக் கிளிப்பாலை பிடிச்சால் வாடைக் காத்துக்கும் பாதி ஆட்டம் நிக்கும். கிளிப் படத்துக்குள்ளை வராமல் பாரும். கிழங்கு மட்டுமில்லை, செடி முழுக்க நஞ்சு. தொட்டால் சாப்பிட முன்னம் கை கழுவும்.

முறிகண்டி அக்கா:
வெட்டுறதைப் பற்றி நான் சொல்லுறன். கண்ணை உறுத்துறது இதழ் நுனிக்கும் ஓரத்துக்கும் இடையிலை இருக்கிற மயிரிழை இடைவெளி. ஒண்டில் தாராளமா விடுங்கோ, இல்லாட்டி இதழின்ரை நடுவாலை துணிஞ்சு வெட்டுங்கோ. நுனியை மட்டும் கிள்ளினால் பார்க்கிற ஆளுக்குத் தவறி வெட்டுப்பட்ட மாதிரித்தான் தெரியும்.

இந்தப் பூவிலை தம்பம் (சூலகத்திலை இருந்து வாற தண்டு) செங்கோணமா மடங்கி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிக்கும். அந்தப் பக்கம் இடம் கூட விடுங்கோ, பூ மற்றப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். மேலை பூக்காம்பு வளைஞ்சு வாற இடத்தையும் வெட்டாதேங்கோ. அது இல்லாட்டி பூ அந்தரத்திலை நிக்கும்.

முதலிலை படத்தின்ரை சரிவை நேராக்குங்கோ, திருப்பேக்கை மூலைகள் பறிபோகும். பிறகு விகிதத்தை 3:2 எண்டு பூட்டிப்போட்டு, பிரதியிலை வெட்டுங்கோ. 12க்கு 8 உங்கடை கமராவின்ரை அதே விகிதம், நட்டமில்லை. ஆனா கடைக்காரர் 10க்கு 8 எண்டு போட்டால் நீளத்திலை 1000 பிக்சல் போகும், அவையின்ரை மெசின் எங்கை வெட்டுமெண்டு சொல்லேலாது. பிரேமின்ரை உதடும் ஒவ்வொரு பக்கமும் அரைச் சென்ரிமீற்றர் அளவு மூடும். பிரிண்டிலை எந்த நுனிக்கும் ஒண்டரைச் சென்ரிமீற்றராவது இடம் இருக்கவேணும். படத்தை வட்ஸ்அப்பிலை சும்மா அனுப்பாதேங்கோ, சுருக்கிப்போடும். பென்டிரைவிலை குடுத்து, நிறத்தைத் திருத்தவேண்டாமெண்டும் சொல்லுங்கோ.

வெள்ளைப் பொட்டுக்கு வெட்டு மருந்தில்லை. எடுக்கேக்கை கமராவை ஒரு கை அகலம் இடமோ வலமோ நகர்த்தினாலே பின்னணி மாறிப்போகும். பழைய கிடுகு வேலியோ பனைமட்டையோ பின்னாலை வரட்டும். அதுவும் இல்லாட்டி ஒரு மீற்றர் பின்னாலை கறுப்புத் துணி. கிட்டப் பிடிச்சால் துணியின்ரை நூல் தெரியும்.

பாலையடி:
சிவப்பு அப்புறதுக்குக் காரணம், சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிகிறது. வெளிச்சத்துக்கான சாதாரண வரைபடம் (ஹிஸ்ரோகிராம்) அதைக் காட்டாது. கமராவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் வரும்படி வையுங்கள். சிவப்பு வரைபடத்தின் வலது சுவரில் மோதினால் வெளிச்ச ஈட்டை (கமராவில் +/− என்று இருப்பது) 0.7 தொடக்கம் 1 வரை குறையுங்கள். நிறத்தைக் கூட்டுகிற விவிட் முறை வேண்டாம், ரோ (RAW, கமரா பதப்படுத்தாத மூலம்) கோப்பாக எடுங்கள். வழிந்த வரியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

பூவையும் தெரிந்து எடுக்கலாம். விரிந்தவுடன் பச்சை கலந்த மஞ்சள், வாட முன்னம் முழுச் சிவப்பு. இடைப்பருவத்தில் சிவப்பு இதழுக்கு மஞ்சள் விளிம்பு இருக்கும், அதனால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாது. தொங்குகிற பூவாதலால் கீழ்ப்பக்கம் இருண்டுவிடும். ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டை ஒரு அடி கீழே பிடித்து வெளிச்சத்தை மேலே தெறிக்க விட்டால் காணும், பிளாஷ் தேவையில்லை.

பரந்தன்பெடியன்:
நல்லா விளங்கினது. இதே லென்ஸாலை குளத்துத் தாமரையைக் கட்டிலை நிண்டு எடுத்து வெட்டலாமோ? ஒரு நாலு மீற்றர் தூரம் வரும்.

குளக்கட்டு:
ஏலாது தம்பி. 20 சென்ரிமீற்றர் பூ 4 மீற்றரிலை, 55இலை எடுத்தால் 700 பிக்சல் அகலந்தான் வரும். பிரிண்டிலை மூண்டு அங்குலமும் வராது. 55-250 லென்ஸ் ஒண்டு இரவல் வாங்கும், 250இலை அதே பூ 3000 பிக்சலைத் தாண்டும். விடியக் காலமை போம், மத்தியானத்துக்கு முதல் கூம்பத் தொடங்கிவிடும். தாமரையை நேரை மேலிருந்து எடுத்தால் நடுவிலை வைச்சுச் சதுரமா வெட்டினாலும் வடிவு. கிட்ட எடுக்கிறனெண்டு தண்ணிக்குள்ளை மட்டும் இறங்காதையும், சேறும் இருக்கு, முதலையும் இருக்கு.