பாவ அறிக்கைக்கு முன் வேகப் பாட்டு தேவையா?

கின்னரம்:
சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் சிலவற்றில் ஞாயிறு ஆராதனை நான்கு வேகப் பாடல்களோடு தொடங்கி, நேராகப் பாவ அறிக்கைக்குப் போகிறது. இருபது நிமிடம் கைதட்டிப் பாடி மூச்சு வாங்கும்போது "முழங்காற்படியிடுவோம்" என்றால் மனம் எப்படி அடங்கும்? ஒரே ஒரு துதிப்பாட்டு, மௌனம், அறிக்கை. அது போதும். மகிழ்ச்சி, பாவமன்னிப்புக் கூறிய பிறகு வரட்டும்.

கெம்பீரம்:
ஐயா, வேதாகமத்தின் 95ஆம் சங்கீதத்தின் வரிசையே வேறு. முதல் வசனம் கெம்பீரமாய்ப் பாடச் சொல்கிறது. 3 முதல் 5 வரை அவர் யார் என்று சொல்கிறது: சமுத்திரம் அவருடையது, வெட்டாந்தரையை அவருடைய கரம் உருவாக்கிற்று. 6ஆம் வசனத்தில்தான் "பணிந்து குனிந்து முழங்காற்படக்கடவோம்". பாடினால்தான் முழங்கால் மடங்கும். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் தாவீது ராஜா ஆடவில்லையா?

கின்னரம்:
2 சாமுவேல் 6ஐ முழுதாக வாசியுங்கள், பிரதர். பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவரப் புறப்பட்ட முதல் பயணத்திலும் சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம் எல்லாம் இருந்தன. ஆனால் பெட்டியைப் புது இரதத்தில் ஏற்றினார்கள். லேவியரில் கோகாத் புத்திரர் தோளில் சுமக்க வேண்டும் என்ற கட்டளையை (எண்ணாகமம் 7:9) மறந்தார்கள். பெட்டியைக் கைநீட்டிப் பிடித்த ஊசா செத்தான், மூன்று மாதம் பெட்டி ஓபேத்ஏதோம் வீட்டில் இருந்தது. அடுத்த முறை லேவியர் தண்டுகளால் தோளில் சுமந்தார்கள் (1 நாளாகமம் 15:15). ஆறு தப்படி நடந்ததும் பலி. அதன் பிறகே நடனம்.

கெம்பீரம்:
சரி, ஆனால் அந்த இரண்டாம் பயணத்தில் ஆட்டம் குறைந்ததா? "முழுப் பலத்தோடும்" ஆடினான் என்கிறது 14ஆம் வசனம். ஆசாரியர் அணியும் சணல்நூல் ஏபோத்தைத் தரித்து, அடிமைப்பெண்களின் கண்முன்னே ஆடினான். அவன் மனைவி மீகாள் இகழ்ந்தது அதைத்தான். அவனோ இன்னும் நீசனாவேன் என்றான். அங்கே ஆட்டமும் தாழ்மையும் ஒன்றே.

மூலமொழி:
ஒரு சின்ன விஷயம், இந்த வாதத்துக்கு முக்கியம். சங்கீதம் 100:2 "மகிழ்ச்சியோடே கர்த்தருக்கு ஆராதனைசெய்து" என்கிறது. 2:11 "பயத்துடனே கர்த்தரைச் சேவியுங்கள், நடுக்கத்துடனே களிகூருங்கள்" என்கிறது. தமிழில் ஆராதனை, சேவை என இரண்டு சொற்கள். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே கட்டளைச் சொல், ஊழியம் செய்யுங்கள் என்று பொருள். ஒரே வேலையை மகிழ்ச்சியோடும் செய்யச் சொல்கிறது, பயத்தோடும் செய்யச் சொல்கிறது. எது முதலில் என்று பிரிப்பதற்கு இந்த இரண்டு வசனங்களும் இடம் தரவில்லை.

பின்வரிசை:
பாடல் குழுவைப் பற்றி யாரும் பேசவில்லையே. சபை வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் ஸ்கேல், அதாவது பாட்டின் சுருதி. ஒலிப்பதிவில் பாடியவரின் குரலுக்கு ஏற்ற ஸ்கேலிலேயே வாசிக்கிறார்கள். சாதாரணச் சபைக்கு நடு 'சி'க்கு அடுத்த மேல் ஸ்தாயியில் உள்ள 'டி' வரை எட்டும். பல்லவியில் 'எஃப்' வந்தால் கீபோர்டின் டிரான்ஸ்போஸில் (சுருதி மாற்றும் வசதி) மூன்று குறையுங்கள். குறைத்ததும் சரணத்தின் கீழ்ச்சுரத்தையும் பாடிப் பாருங்கள். அது முனகலாகிவிட்டால் அந்தப் பாட்டு சபைக்கானதல்ல, குழு மட்டும் பாடட்டும். அடுத்தது மைக். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழாவிட்டால் மனிதர் பாடுவதை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார். கடைசிச் சரணத்தில் டிரம்ஸை நிறுத்திச் சபையின் சத்தத்தைக் கேளுங்கள். அது கேட்காவிட்டால் மேடையின் வால்யூம் அதிகம்.

கெம்பீரம்:
இதை ஏற்கிறேன், அக்கா. குழு தன்னை மறைத்துக்கொள்வதும் தாழ்மைதான்.

கின்னரம்:
நான்கு பாட்டை இன்னும் ஏற்கவில்லை. வைத்தே ஆகவேண்டுமென்றால் கடைசிப் பாட்டு மெதுவானதாக இருக்கட்டும். அது முடிந்ததும் கீபோர்டில் பின்னணியாக நீளும் பேட் ஒலி உட்பட எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஆயர் வாய் திறக்குமுன் முழு ஒரு நிமிடம், கடிகாரம் பார்த்து. பத்து விநாடியில் யாராவது இருமுவார்கள், குழுவில் ஒருவர் பதறி மறுபடி வாசிக்கத் தொடங்குவார். அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.