741 ஐசி: அவுட்புட் 1.8 வோல்ட்டிலேயே நிற்கிறது, அவசர உதவி

மடிப்பாக்கம்_மாணவன் · வெள்ளி, இரவு 9:40
741 ஆப்-ஆம்ப் (சிறு சிக்னலைப் பெருக்கும் ஐசி) வைத்து டெம்பரேச்சர் சென்சாரின் சிக்னலைப் பெருக்கப் பார்க்கிறேன். என்ன செய்தாலும் அவுட்புட் 1.8 வோல்ட்டில் நிற்கிறது. சென்சாரை விரலால் பிடித்தாலும் அசையவில்லை. மூன்று ஐசி மாற்றிப் பார்த்துவிட்டேன். வீடியோவில் உள்ளபடியேதான் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை லேபில் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

அம்பத்தூர்_பட்டறை · 9:52
என்ன சென்சார்? சப்ளை எவ்வளவு? ரெசிஸ்டர் என்ன மதிப்பு? போர்டை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் தம்பி.

ரிச்சி_தெரு_வாடிக்கை · 9:58
மூன்றும் ஒரே கடையில் வாங்கியதா? அப்படியென்றால் ஐசி போலியாக இருக்கும். பழைய ஐசியின் எழுத்தைத் தேய்த்துவிட்டு மேலே 741 என்று அச்சடித்து விற்கிறார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், எழுத்து கரைந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

பெரம்பூர்_சால்டர் · 10:05
ஐசியை விடுங்கள், பிரெட்போர்டைப் பாருங்கள். நீளமான போர்டில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தில் தொடர்பு கிடையாது, ஜம்பர் போட வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் தவித்திருக்கிறேன்.

அனலாக்_மூத்தவர் · 10:11
சப்ளையைச் சொல்லாமல் ஆப்-ஆம்ப் கேள்வி கேட்பது, யாருக்குக் காய்ச்சல் என்றே சொல்லாமல் மருந்து கேட்பது போல. டேட்டாஷீட்டில் முதல் இரண்டு பக்கம் படித்திருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது. வீடியோவைப் பார்த்து வயர் செருகினால் வயர் செருகத்தான் வரும்.

மடிப்பாக்கம்_மாணவன் · 10:30
மன்னிக்கவும் ஐயா, அவசரத்தில் விட்டுவிட்டேன். சென்சார் எல்எம்35. 9 வோல்ட் பேட்டரி ஒன்று. பின் 7-க்கு பிளஸ், பின் 4-க்கு மைனஸ். 6-லிருந்து 2-க்கு 10கே ரெசிஸ்டர், 2-லிருந்து கிரவுண்டுக்கு 1கே ரெசிஸ்டர், சென்சார் பின் 3-ல். 10 மடங்கு வர வேண்டும். சென்சாரைத் தனியாக அளந்தால் 0.32 காட்டுகிறது. ஜம்பர் போட்டும் பார்த்தேன், மாற்றம் இல்லை. வீடியோவில் +15, −15 என்று இருந்தது. என்னிடம் ஒரு பேட்டரிதான் இருந்ததால் −15-க்குப் பதில் கிரவுண்ட் கொடுத்தேன். அது பரவாயில்லைதானே?

அம்பத்தூர்_பட்டறை · 10:48
அந்தக் கடைசி வரியில்தான் தம்பி சிக்கல் இருக்கிறது. ஐசிகள் நல்லவையாகத்தான் இருக்கும், தூக்கிப் போடாதீர்கள்.

741-ன் எட்டுப் பின்னையும் எண்ணிப் பாருங்கள். 2, 3 இன்புட், 6 அவுட்புட், 4 மைனஸ் சப்ளை, 7 பிளஸ் சப்ளை. 1, 5 ஆஃப்செட் (இன்புட் இல்லாதபோதும் அவுட்புட்டில் வரும் சிறு பிழை) சரிசெய்ய, 8 சும்மா இருக்கிறது. கிரவுண்ட் என்று ஒரு பின்னே கிடையாது. நீங்கள் எதைக் கிரவுண்ட் என்று நினைக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பின் 4-க்கும் பின் 7-க்கும் இடைப்பட்ட பகுதிதான் அதற்கு எல்லை. அதிலும் இரண்டு ஓரத்திலும் ஏறக்குறைய 2 வோல்ட் வரை அதனால் ஒழுங்காக வேலை செய்ய முடியாது. உங்கள் பின் 4 இருப்பது 0-வில். நீங்கள் கொடுக்கும் 0.32 அந்த ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் இன்புட் டிரான்சிஸ்டர்கள் சரியாகத் திறக்கவே அதற்குமேல் வோல்டேஜ் வேண்டும். அதனால் அவுட்புட் தன்னால் இறங்க முடிந்த கடைசிப் படியில் போய் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் 1.8 அதுதான்.

சரியான எல்லைக்குள் வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். ஆப்-ஆம்புக்குத் தெரிந்தது ஒரே வேலை: பின் 3-க்கும் பின் 2-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்குவது. 741-ல் அது சுமார் 2 லட்சம் மடங்கு. உங்கள் இரண்டு ரெசிஸ்டரும் அவுட்புட்டில் ஒரு சிறு பங்கைப் பின் 2-க்குத் திருப்பித் தருகின்றன. பின் 2 குறைவாக இருந்தால் அவுட்புட் ஏறும், கூடவே பின் 2-ம் ஏறும். இரண்டும் ஏறக்குறைய சமமானதும் நின்றுவிடும். 3.5 வோல்ட் அவுட்புட் கொடுக்க வெறும் 17.5 மைக்ரோவோல்ட் வித்தியாசம் போதும். உங்கள் மீட்டரில் அது தெரியவே தெரியாது.

இரண்டு வழி இருக்கிறது. இன்னொரு 9 வோல்ட் பேட்டரி கிடைத்தால் இரண்டையும் வரிசையாக இணைத்து, நடுப்புள்ளியைக் கிரவுண்டாக வைத்து, மைனஸ் முனையைப் பின் 4-க்குக் கொடுங்கள். இல்லையென்றால் எல்எம்358 என்ற வேறு ஆப்-ஆம்ப் ஐசி வாங்குங்கள். அதன் இன்புட் கிரவுண்ட் வரைக்கும் ஒத்துக்கொள்ளும், அவுட்புட்டும் கிரவுண்டை ஒட்டி இறங்கும். மேலே மட்டும் சப்ளையைவிட 1.5 வோல்ட் குறைவாக நிற்கும். ரிச்சி தெருவுக்கு நாளைக்கே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது.

அனலாக்_மூத்தவர் · 10:57
741 வந்தது 1968-ல். இன்னும் அதையே பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவதுதான் தவறு. லேபிலிருந்தே எடுக்க வேண்டும்.

லேப்_ஆசிரியை · 11:09
எனக்கு இதில் உடன்பாடில்லை. அவுட்புட்டை ஷார்ட் செய்தாலும் 741 தாங்கும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். ஆஃப்செட், 0.5 வோல்ட்/மைக்ரோசெகண்ட் ஸ்லூ ரேட் (அவுட்புட் மாறும் அதிகபட்ச வேகம்) எல்லாம் சாதாரண ஆஸிலோஸ்கோப்பிலேயே கண்ணுக்குத் தெரியும். புது ஐசி குறையை மறைத்துவிடும், இது காட்டிக்கொடுக்கும். ±15 சப்ளை ஏன் வேண்டும் என்று வகுப்பில் யாரும் சொல்லாமல் விட்டதைத்தான் நான் குறையாகச் சொல்வேன்.

பெரம்பூர்_சால்டர் · 11:15
2-ம் 3-ம் ஒரே வோல்டேஜில் நிற்பதை வர்ச்சுவல் ஷார்ட் என்கிறார்களே, இரண்டும் உள்ளே இணைந்திருக்கும் என்றுதானே அர்த்தம்? அதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி புரிந்துவிடும்.

லேப்_ஆசிரியை · 11:21
இணைந்திருக்காது. இரண்டுக்கும் நடுவே மெகாஓம் கணக்கில் தடை இருக்கிறது. ஃபீட்பேக் (10கே வழியாகப் பின் 2-க்குத் திரும்பும் பங்கு) வழியாக அவுட்புட்தான் இரண்டையும் சமமாக வைத்திருக்கிறது. 10கே-வைப் பிடுங்கிவிட்டால் அந்தச் சமம் அப்போதே போய்விடும். இந்தப் பெயரைக் கேட்டுத்தான் பல பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

அனலாக்_மூத்தவர் · 11:26
அதைச் சொல்லுங்கள். ஆனால் பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டுக்கு 741 கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மடிப்பாக்கம்_மாணவன் · சனி, மாலை 5:12
எல்எம்358 வாங்கி அதே இடத்தில் செருகினேன். இதுவும் வேலை செய்யவில்லை.

அம்பத்தூர்_பட்டறை · 5:20
உடனே பேட்டரியைக் கழற்றுங்கள்! அதில் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கிறது, பின் வரிசையே வேறு. 741-ல் பிளஸ் சப்ளை இருந்த 7-ம் பின் இங்கே இரண்டாவது ஆப்-ஆம்பின் அவுட்புட். பிளஸ்ஸை 8-க்கு மாற்றுங்கள். 6-ல் இருந்த 10கே முனையையும் அவுட்புட் வயரையும் 1-க்கு மாற்றுங்கள். 2, 3, 4 அப்படியே இருக்கட்டும். ஐசி பிழைத்ததா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மடிப்பாக்கம்_மாணவன் · 6:03
வேலை செய்கிறது அண்ணா! சென்சாரைப் பிடித்தால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. ஆனால் 3.52 காட்டுகிறது. 3.2 தானே வர வேண்டும்?

அனலாக்_மூத்தவர் · 6:10
இல்லை. சிக்னல் பிளஸ் இன்புட்டில் (பின் 3) வரும்போது கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, 1 + 10/1, அதாவது 11. 0.32-ஐ 11-ஆல் பெருக்கிப் பாருங்கள். 10கே-க்குப் பதில் 9.1கே போட்டால் 10.1 மடங்கு வரும், லேபுக்கு அது போதும். நீங்கள் அளந்தது சரியாகவே இருக்கிறது.

மடிப்பாக்கம்_மாணவன் · 6:14
புரிந்தது ஐயா. எல்லோருக்கும் நன்றி.

லேப்_ஆசிரியை · 6:31
சும்மா இருக்கும் இரண்டாவது ஆப்-ஆம்பை அந்தரத்தில் விடாதீர்கள். 6-ஐயும் 7-ஐயும் இணைத்து, 5-ஐக் கிரவுண்டில் கொடுங்கள். திங்கட்கிழமை எப்படிப் போனது என்று எழுதுங்கள்.

ரிச்சி_தெரு_வாடிக்கை · புதன், காலை 8:20
தம்பி, அந்த மூன்று 741-ஐயும் இரண்டு பேட்டரி வைத்துச் சோதித்தீர்களா? அசல்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.