யாழ்ப்பாணத்தால இரவோட இரவா யாலவுக்கு: எந்தப் பாதை, எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?

நாவற்குழியான்

யூலை கடைசியில ஒன்பது பேர் கேடிஎச் (ரொயோட்டா ஹைஏஸ்) வானில யால தேசியப் பூங்கா பாக்கப் போறம். ரெண்டு பேர் வயசான ஆக்கள், மூண்டு பேர் சின்னப் பிள்ளையள். கனடாவில இருந்து வந்திருக்கிற சித்தப்பா குடும்பமும் இதில அடக்கம். பின்னேரம் 6 மணிக்கு வெளிக்கிட்டு, விடிய 5 மணிக்குத் திஸ்ஸமகாராமையில நிண்டு, 6 மணிக்கு ஜீப்பில பார்க்குக்குள்ள போறது எண்டு யோசிச்சிருக்கிறம். போனில காட்டுற பாதை ஹபரணை, பொலன்னறுவை, மகியங்கனை, பிபிலை, புத்தல, கதிர்காமம். றைவர் ஒராள். இது சரிவருமோ? வானில என்னென்ன பாக்கவேணும்? உள்ளுக்குப் போக ஏதும் முன்கூட்டிச் செய்யவேணுமோ?

ஏ9 பாதசாரி

மொத்தம் எத்தினை மணித்தியாலம் எண்ட கணக்கை விடுங்கோ. எந்தத் துண்டு றோட்டு எந்த நேரத்தில வருது எண்டதுதான் கணக்கு. உங்கட திட்டப்படி ஹபரணை, மின்னேரியா இரவு 11 மணிக்கு. மனம்பிட்டியால மகியங்கனை போற றோட்டு நடுச்சாமம் கழிய. புத்தல - கதிர்காமம் விடியப்பறம் நாலரைக்கு. மூண்டும் யானை நடமாடுற இடம், மூண்டும் கும்மிருட்டில வருது. தூரம் குறைஞ்ச பாதை எண்டது உண்மைதான், ஆனால் இதைவிட மோசமான நேர அட்டவணை போட ஏலாது.

நான் சொல்லுறது: இரவு ஏழரைக்கு வெளிக்கிடுங்கோ. ஏ9 (யாழ்ப்பாணம் - கண்டி றோட்டு) ஐ விட்டு விலகாமல் வவுனியா, மதவாச்சி, கெக்கிராவை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. யாழ்ப்பாணம் - கண்டி 321 கிலோமீற்றர், இரவில ஏழு மணித்தியாலம் பிடிக்கும். ரெண்டரை மணிக்குக் கண்டியைத் தாண்டினால் தெல்தெனியா, ஹுன்னஸ்கிரிய, உடுதும்பறை வழியா ஐஞ்சு மணிக்குக் கிட்ட மகியங்கனை. அங்க நில்லுங்கோ. முகம் கழுவி, தேத்தண்ணி குடிச்சு, நல்லா வெளிச்சம் வந்தாப்பிறகு வெளிக்கிட்டு பிபிலை, மொனராகலை, புத்தல. புத்தல - கதிர்காமம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் காட்டை எட்டு, ஒன்பது மணி வெயிலில ஓடுவியள். பத்து மணிக்கு முதல் கதிர்காமம். எல்லாமாச் சேர்த்து 550 கிலோமீற்றர் அளவில வரும். காலைச் சபாரியை மறந்துபோட்டு, குளிச்சு, நித்திரை கொண்டு, பின்னேரச் சபாரிக்குப் போங்கோ. இரவு முழுக்க முழிச்ச சின்னப் பிள்ளையளை ஆறு மணிக்கு ஜீப்பில குலுக்கினால் அதுகள் சிறுத்தையையும் பாராது, ஒண்டையும் பாராது.

ஏ9 இலயும் கவனம். பரந்தனால வவுனியா மட்டும் மாடுதான் முதல் எதிரி. பகல் சூடு தாரில நிக்கிறபடியால் இரவில றோட்டிலயே படுத்திருக்கும். எருமை எண்டால் இன்னும் மோசம், கறுப்பில கறுப்பாக் கிடக்கும். எதிரில வாற லொறியின்ர லைற் கண்ணில அடிச்சு முடிஞ்ச அடுத்த ரெண்டு மூண்டு செக்கனிலதான் ஆக்கள் மோதுறது. எதிர் லைற் வரேக்கையே வேகத்தைக் குறையுங்கோ, தாண்டினாப்பிறகு குறைச்சுப் பிரயோசனம் இல்லை. ஊர்மனைக்கு வெளியில வானுக்கு 70 தான் சட்டம். இரவில நிறை பாரத்தோட அதுவே கூட. லைற் இல்லாமல் ஓரத்தில விட்டிருக்கிற டிப்பர் அடுத்தது.

முறிகண்டிப் பிள்ளையாரடியில எப்பிடியும் தேங்காய் உடைக்க நிப்பாட்டுவியள். கச்சானும் வாங்குங்கோ, றைவர் கொறிச்சுக்கொண்டு போகலாம்.

யானை நிண்டால்: ஆகக் குறைஞ்சது 50 மீற்றருக்கு அங்கால நிப்பாட்டி, லைற்றைப் பதிச்சு, எஞ்சினை ஓடவிட்டபடி பாத்துக்கொண்டு இருங்கோ. ஹோன் அடிக்கக்கூடாது, போனில ஃபிளாஷ் அடிக்கக்கூடாது, வானைக் குறுக்கால திருப்பக்கூடாது. அது முன்னுக்கு வந்தால் நேரா ரிவேர்ஸ். ஒண்டு கடந்திட்டுது எண்டு உடன இழுக்காதேங்கோ, பின்னால குட்டியோட இன்னொண்டு வரும். யானையின்ர கண் மினுங்கும் எண்டு நம்பி இருக்காதேங்கோ, பதிச்ச லைற்றின்ர வெளிச்சம் கால் மட்டத்திலதான் விழும். றோட்டு நடுவில சாம்பல் தூண் மாதிரி ஏதாவது தெரிஞ்சால் அது தூண் இல்லை.

புத்தல றோட்டில பகலிலயும் யானை வாகனத்தை மறிச்சு நிக்கும். ஆக்கள் பழம் குடுத்துக் குடுத்துப் பழக்கிவிட்ட வேலை. குடுக்காதேங்கோ. அருச்சனைத் தட்டுக்குரிய வாழைப்பழத்தை வீட்டில இருந்து கொண்டுபோகாமல் கதிர்காமத்தில வாங்குங்கோ. பழ மணத்துக்குத் தும்பிக்கை யன்னலுக்குள்ள வரும்.

கராஜ்காரன்

பாதையைப் பற்றி மேல சொன்னது சரி. ஆனால் அந்தப் பாதையில உடுதும்பறை தாண்டினவுடன பதினெட்டு வளைவு இறக்கம் இருக்கு. இருட்டில, பாரத்தோட, களைச்ச றைவரோட இறங்கப் போறியள். அதால பிரேக்கில இருந்து தொடங்குவம்.

பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ரெண்டு வருசம் மாத்தாமல் விட்டிருந்தால் அதுக்குள்ள தண்ணி சேந்திருக்கும். இறக்கத்தில பிரேக் சூடேற அந்தத் தண்ணி ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளுக்குப் போகும். ஊருக்குள்ள ஓடேக்க இது தெரியவே தெரியாது, யாழ்ப்பாணத்தில இறக்கம் எங்க இருக்கு? பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் ஒயிலை மாத்தி, காத்து எடுத்து, முன் பாட், பின் லைனர் ரெண்டையும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. இறங்கேக்க மனுவல் எண்டால் ரெண்டாம் கியர், ஓட்டோ எண்டால் 2 அல்லது எல். வளைவுக்கு முதலே பிரேக்கை அழுத்திக் குறைச்சு, காலை எடுத்துவிடவேணும். மெல்ல மெல்ல மிதிச்சபடியே இறங்கிறதுதான் பிரேக்கை எரிக்கிறது. கருகின மணம் வந்தால் அகலமான இடத்தில நிப்பாட்டி இருபது, முப்பது நிமிசம் ஆறவிடுங்கோ. தண்ணி ஊத்தாதேங்கோ, டிஸ்க் வளைஞ்சிடும்.

ரயர்: காத்து எவ்வளவு எண்டு றைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில இருக்கு. ரயர் குளிரா இருக்கேக்க வெளிக்கிட முதல் அடியுங்கோ. தம்புள்ளையில சூடா இருக்கேக்க பாத்து, கூடிப்போச்செண்டு திறந்துவிட்டால் விடிய காத்துக் குறைஞ்சு நிக்கும். ஸ்பெயார் ரயர் கேடிஎச்சில பின்னுக்கு அடியில சங்கிலியில தொங்குது. அதை ஒருக்கா இறக்கி ஏத்திப் பாருங்கோ. கன காலம் தொடாத வானில அந்த விஞ்ச் கறள் பிடிச்சு இறங்காது. இறக்கிற கம்பியும் ஜக்கும் வானுக்குள்ள இருக்கோ எண்டும் பாருங்கோ, சாமான் ஏத்தேக்க இடம் காணாதெண்டு வீட்டில கழட்டி வைக்கிறது உதுகளைத்தான்.

லைற்: கண்ணாடி மஞ்சளாப் போயிருந்தால் பொலிஷ் பண்ணுவியுங்கோ, பல்ப் மாத்திறதைவிட அது கூட வெளிச்சம் தரும். ஒன்பது பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் பதிஞ்சு லைற் மேல பாக்கும், எதிரில வாறவனுக்குக் கண் கூசும், உங்களுக்கு றோட்டுத் தெரியாது. டாஷ்போட்டில லைற்றை இறக்கிற சில்லு இருந்தால் ஒண்டு ரெண்டு படி இறக்குங்கோ. முன் கண்ணாடியை உள்ப்பக்கமும் துடையுங்கோ, ஹுன்னஸ்கிரியப் பக்கம் பனிப்புகார் மூடும்.

ஃபேன் பெல்ட் வெடிப்பு, ரேடியேற்றர் ஹோஸ் பாத்தால் காணும். கூலன்றை எஞ்சின் ஆறி இருக்கேக்க மட்டும் திறந்து பாருங்கோ.

றைவர் ஒராள் எண்டது எனக்குச் சரியாப் படேல்லை. விடியப்பறம் ரெண்டால ஐஞ்சு மட்டும் மனிசனுக்கு நித்திரை அமத்துற நேரம், உங்களுக்கு மலை வாறதும் அப்பதான். ரெண்டாவது ஆள் தம்புள்ளை மட்டும் பின் சீற்றில படுத்துவந்து அங்க மாறவேணும். கிடைக்காட்டி கண்டியில ரெண்டு மணித்தியாலம் நிப்பாட்டி றைவரைப் படுக்கவிடுங்கோ. பாட்டுச் சத்தமும் கோப்பியும் நித்திரைக்குப் பதில் இல்லை.

பாலைமரத்தடி

பார்க்கைப் பற்றி. யாலவும் வில்பத்துவும் 1938 இல தேசியப் பூங்கா ஆனவை. யால மொத்தம் 979 சதுர கிலோமீற்றர், ஆனால் எல்லாரும் போறது 141 சதுர கிலோமீற்றர் அளவான முதலாம் வலயத்துக்குத்தான், சிறுத்தை நெருக்கமா இருக்கிறது அங்க. கேற் விடிய ஆறு மணிக்குத் திறந்து பின்னேரம் ஆறு மணிக்கு மூடும். திஸ்ஸமகாராமைப் பக்கத்தால போனால் பலட்டுபான கேற், கதிர்காமத்தில தங்கினால் கட்டகமுவ கேற் கிட்ட. எல்லாரும் பலட்டுபானவில குவியிறபடியால் நீங்கள் கட்டகமுவவைக் கேளுங்கோ, ஜீப்காரரிட்டை முதலே சொல்லவேணும்.

உங்கட வானை உள்ளுக்குக் கொண்டுபோகேலாது, ஜீப்தான். ஒரு ஜீப்புக்கு ஆறு பேர், அப்ப உங்களுக்கு ரெண்டு. வயசான ஆக்களை நடு வரிசையில இருத்துங்கோ, கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும். ஜீப் காசு வேற, ரிக்கற் வேற. விலை பேசேக்க எது அடக்கம் எண்டு தெளிவாக் கேளுங்கோ. உள்ளூர் ரிக்கற்றுக்கு அடையாள அட்டை வேணும். சித்தப்பா ஆக்கள் கனடா பாஸ்போட் மட்டும் வைச்சிருந்தால் வெளிநாட்டு ரிக்கற்தான், பிறந்தது கொக்குவில் எண்டு சொல்லி வேலை இல்லை. ரெட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தப் பத்திரத்தையும் இலங்கைப் பாஸ்போட்டையும் கையில வைச்சிருக்கச் சொல்லுங்கோ. ரெண்டு விலைக்கும் இடையில பெரிய வித்தியாசம்.

உள்ளுக்கு 25 கிலோமீற்றர் வேகம்தான் சட்டம். சிறுத்தை நிக்குது எண்டு போன் வந்தவுடன பறக்கிற ஜீப்காரரும் இருக்கினம். வேண்டாம் எண்டு வெளிக்கிட முதலே சொல்லிவிடுங்கோ, தேவையெண்டால் ஒரு குளத்தடியில அரை மணித்தியாலம் சும்மா நிக்கச் சொல்லுங்கோ, அப்பிடிக் காணிறதுதான் கூட. கீழ இறங்க விடுறது பட்டணங்கல கடற்கரையில. பிள்ளையளை கேற்றுக்கு முதலே மூத்திரத்துக்கு விட்டிட்டு ஏறுங்கோ. பொலித்தீன் பை, சாராயம், ட்ரோன் உள்ளுக்கு விடமாட்டினம். புழுதிக்கு ஆளுக்கொரு மெல்லிய துவாய்.

யூலை நல்ல காலம். பாலைப்பழம் முடியிற கட்டம், கரடி மரத்தில ஏறும். வன்னியில பாலை பழுத்தால் எந்த மரத்தைப் பாக்கவேணும் எண்டு உங்களுக்கே தெரியும். குளங்களும் வத்தத் தொடங்கி மிருகம் தண்ணியடிக்கு வரும். செப்டெம்பர் தொடக்கம் ஒக்டோபர் நடுப்பகுதி மட்டும் வரட்சிக்காக முதலாம் வலயத்தை வழமையாப் பூட்டுவினம். கதிர்காமக் கொடியேத்தம் எந்த நாள் எண்டு பாத்துப் போங்கோ. திருவிழாவுக்குள்ள மாட்டினால் தங்க இடமும் இல்லை, ஜீப்பும் இல்லை.

நெடுஞ்சாலை

மலை பயம் எண்டால் தம்புள்ளையால குருநாகல் போய், அங்க இருந்து மீரிகம மட்டும் அதிவேகப் பாதை. பிறகு சாதாரண றோட்டால கடவத்தை, திரும்ப அதிவேகப் பாதையில ஏறினால் கொட்டாவை, மாத்தறை தாண்டி மத்தள. நூறு கிலோமீற்றருக்கு மேல கூட, டீசலும் ரோல் காசும் கூட, ஆனால் வளைவும் இறக்கமும் இல்லை. நொவெம்பர் - ஜனவரி மழைக்கு மகியங்கனை மலையில மண் சரியும், அந்த மாதங்களில எனக்குத் தெரிஞ்ச ஒரே நல்ல வழி இதுதான். நேரான பாதையில நித்திரை இன்னும் கெதியா வரும் எண்டதையும் சொல்லவேணும்.

ஏ9 பாதசாரி

இன்னொண்டு. பிள்ளையளுக்குக் காடு காட்டுறதுதான் நோக்கம், கதிர்காமம் இந்தமுறை முக்கியமில்லை எண்டால் வில்பத்து இருக்கு. றம்பாவையில ஏ9 ஐ விட்டு அனுராதபுரம், நொச்சியாகமை, பிறகு புத்தளம் றோட்டில இருந்து வலப்பக்கம் திரும்பி ஹுனுவிலகம கேற். ஐஞ்சு மணித்தியாலம். அங்க யாலவில மாதிரி ஜீப் நெரிசல் இல்லை. வில்லுகள் (காட்டுக்குள்ள இருக்கிற இயற்கைக் குளங்கள்) ஒண்டுக்கொண்டு தூரம், அரை நாள் காணாது, முழுநாள் ஜீப் பிடியுங்கோ. இரவு அனுராதபுரத்தில தங்கி அடுத்தநாள் திரும்பலாம்.

நாவற்குழியான்

எல்லாருக்கும் நன்றி. கதிர்காமம் அம்மம்மாவின்ர நேர்த்தி, அதால யாலதான். ஏழரைக்கே வெளிக்கிடுறம், ரெண்டாவது றைவரும் பாத்தாச்சு. சாப்பாடு வீட்டில கட்டினால் விடிய மட்டும் கிடக்குமோ?

பாலைமரத்தடி

தேங்காய்ப்பூ போட்ட எதுவும் வேண்டாம். புட்டும் பச்சைச் சம்பலும் பூட்டின வானுக்குள்ள நடுச்சாமத்துக்கு முதலே புளிச்சிடும். தேங்காய்ப்பூ போடாத ரொட்டியும், செத்தல் மிளகாய் வறுத்து இடிச்ச சம்பலும் நிக்கும். பருப்பு, உருளைக்கிழங்கை ஈரம் இல்லாமல் பிரட்டி, நல்லா ஆறினாப்பிறகு கட்டுங்கோ. சூட்டோட மூடினால் அந்த வேர்வையிலதான் பழுதாகும். நேர்த்திக்குப் போறபடியால் மச்சம் (மீன், இறைச்சி) எப்பிடியும் இல்லைத்தானே. றைவர்மார் ரெண்டு பேருக்கும் ஒன்பது மணிக்கு முதல் அரை வயிறு, பிறகு விடியும் மட்டும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். திரும்பி வாறதையும் இரவில வைக்காதேங்கோ. கதிர்காமத்தில ரெண்டு இரவு நிண்டு, மூண்டாம் நாள் விடிய ஆறரைக்கு, வெளிச்சம் வந்தாப்பிறகு புத்தல றோட்டில ஏறுங்கோ.