தொங்கும் சிற்பம் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருக்கிறது: உதவி தேவை

கரைச்சிப்பிள்ளை:
வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிப்பு மண்டபத்துக்கு ஒரு தொங்கும் சிற்பம் செய்கிறேன். எல்லாம் வன்னியில் கிடைத்தவை: முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கிய கட்டைகள், பாலைக் கொப்புகள், காய்ந்த பனங்கொட்டை, சிப்பி. கயிறு பனந்தும்பில் திரித்தது. மூன்று அடுக்கு. மேல் கொப்பின் இரண்டு நுனியும் மேல்நோக்கி வளைந்தவை. அந்த வளைவுக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

தூக்கிக் கட்டியதும் ஒரு பக்கம் முழுதாகச் சரிகிறது. மற்றப் பக்கத்தில் ஒரு சிப்பியைக் கூட்டினால் அந்தப் பக்கம் அப்படியே விழுகிறது. நடுவில் நிற்பதே இல்லை. மின்விசிறி போடாத நேரத்திலும் தானாகச் சுற்றிக் கயிறுகள் சிக்குப்படுகின்றன. பார்க்கவும் நெரிசலாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

வவுனியா வாத்தியார்:
தங்கச்சி, எடையைக் கூட்டிக் குறைத்து இதைத் தீர்க்க முடியாது. நீங்கள் விரும்பி எடுத்த அந்த வளைவில்தான் காரணம் இருக்கிறது.

கொப்பின் நடுவில் கயிறு கட்டியிருக்கிறீர்கள். பாரம் தொங்கும் நுனிகள் அந்தக் கட்டு இருக்கும் இடத்தை விட உயரத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தால், அந்த நுனி நடுவிலிருந்து இன்னும் வெளியே போகும், மற்றது உள்ளே வரும். தாழ்ந்த பக்கத்துக்கே பலம் கூடும், அதனால் முழுதாகக் கவிழும். நுனிகள் கட்டுக்குக் கீழே இருந்தால் இது நேர்மாறாக நடக்கும்: சரிந்த பக்கம் பலம் இழந்து தானாகத் திரும்பும். நேரான தடி இரண்டுக்கும் இடைப்பட்டது, சின்னப் பாரத்துக்கும் ஆடும்.

ஆகவே கொப்பைக் கவிழ்த்துக் கட்டுங்கள். வளைவை இழக்க மனமில்லை என்றால், நடுவின் இரு பக்கமும் இரண்டு கயிறு கட்டி, மேலே ஒரே முடிச்சில் சேருங்கள். அந்த முடிச்சு நுனிகளை விட நன்றாக உயரத்தில் இருக்க வேண்டும், வழுக்கவும் கூடாது. கயிறு வளையத்துக்குள் ஓடினால் பயனில்லை.

அப்புறம், கட்டுவதைக் கீழ் அடுக்கிலிருந்து தொடங்குங்கள். கீழ்க் கொப்பு சமன்பட்ட பிறகுதான் அதன் மொத்த எடை மேல் கொப்பின் ஒரு நுனிக்குப் பாரமாகும். கணக்கு எளிது: 90 சென்ரிமீற்றர் தடியில் ஒரு நுனியில் 200 கிராம், மற்றதில் 100 கிராம் என்றால், கட்டு பாரமான பக்கத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில் வரும். கொப்புக்கும் சொந்த எடை உண்டு. பாலை பாரமான மரம், அதனால் கணக்குப் போட்டுவிட்டு கயிறு கட்டும் இடத்தைக் கையால் மெல்ல நகர்த்திப் பாருங்கள்.

நந்திக்கடல் கரை:
சுற்றுவதற்குக் காரணம் கயிறு. திரித்த கயிற்றில் பாரம் தொங்கினால் முறுக்கு அவிழப் பார்க்கும். ஒரு திசையில் சுற்றி நின்று, பிறகு திரும்பிச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அதுதான். அதே தும்பைத் திரிக்காமல் மூன்று புரியாகச் சடை பின்னினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போகும். தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் சுழலும் சின்ன வளையம் கிடைக்கும், மேல் முடிச்சில் அதைப் போட்டால் சிற்பம் விரும்பியபடி சுற்றும், கயிறு முறுகாது. தங்கூசியும் (நைலோன் தூண்டில் நூல்) பாவிக்கலாம், ஆனால் முடிச்சு வழுக்கும், பல சுற்றுப் போட்டு இறுக்க வேண்டும்.

கடலில் ஒதுங்கிய கட்டைகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்தீர்களா? உள்ளே உப்பிருந்தால் மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், எடை மாறும், நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய சமன் குலையும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். கொப்பு பொறுக்கக் காட்டோரம் போகிறவர்கள் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்துக்குள் கால் வைக்கவே கூடாது.

ஓலைக்கூடை:
நெரிசல் பற்றி நான் சொல்கிறேன், பிள்ளை. எதையும் கூட்ட வேண்டாம், எடுங்கள். கட்டை, பனங்கொட்டை, சிப்பி மூன்றும் சம அளவில் இருந்தால் கண் எதிலும் தங்காது. ஒன்றை முதன்மையாக்குங்கள். பனங்கொட்டை முதன்மை என்றால் சிப்பி இரண்டு மூன்று போதும். பெரிய கட்டையைக் குறுகிய பக்கத்திலும் சின்னதை நீண்ட பக்கத்திலும் தொங்கவிட்டால், சமனும் வரும், இடைவெளியும் திறக்கும். அந்த வெறுமையும் சிற்பத்தில் சேர்த்திதான்.

அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பி 1930களில் இப்படித் தகடும் கம்பியும் வைத்து அசையும் சிற்பங்கள் செய்தார். அவர் இயந்திரப் பொறியியல் படித்தவர். 1939இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தின் படிக்கட்டு வெளிக்கென்று அவர் செய்த சிற்பத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். துண்டுகள் சிலதான், ஆனால் ஒவ்வொன்றும் தன் வட்டத்தில் சுற்ற இடம் இருக்கிறது. நீங்களும் ஒவ்வொரு கொப்பையும் முழுவட்டம் சுற்றிப் பாருங்கள், பக்கத்துக் கயிற்றைத் தொடக்கூடாது.

கரைச்சிப்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. முடிச்சை உயர்த்திக் கட்டினேன், நிற்கிறது! தள்ளிவிட்டாலும் திரும்பி வருகிறது. பனங்கொட்டையில் பாதியைக் கழற்றிவிட்டேன். கட்டைகளை இப்போது ஊறவைத்திருக்கிறேன். பூச்சி அரித்து உளுத்துப்போகாமல் இருக்க என்ன பூசலாம்?

நந்திக்கடல் கரை:
நன்றாகக் காய்ந்த பிறகு வேப்பெண்ணெய் மெல்லியதாகப் பூசுங்கள். கட்டையிலிருந்து மாத்தூள் கொட்டினால் அந்தத் துண்டை உடனே கழற்றி வேறாக்குங்கள், மற்றதற்கும் பரவும். பூசிய பிறகுதான் கடைசிச் சமன் பார்க்க வேண்டும், எண்ணெயும் எடைதான்.

வவுனியா வாத்தியார்:
ஒன்று மட்டும் கட்டாயம். கீழே பிள்ளைகள் இருந்து வாசிப்பார்கள். சீலிங் தகட்டில் கொளுவாமல், கூரையைத் தாங்கும் தீராந்தி மரத்தில் கட்டுங்கள். மேல் கயிற்றோடு ஒரு மெல்லிய கம்பியையும் தளர்வாகச் சேர்த்து விடுங்கள், கயிறு அறுந்தாலும் அது தாங்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் ஏணி வைத்து எல்லா முடிச்சையும் ஒருமுறை பாருங்கள்.