வேலை விட்டு ரெண்டு மூணு வருஷம் ஆனவர்களுக்கு ஞாயிறு வகுப்பு: பிரயோஜனம் உண்டா?

அல்சூர் செந்தில்: பெங்களூரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிறு காலையில் ஒரு வகுப்பு ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம். ரொம்ப நாளாக வேலை இல்லாமல் இருப்பவர்களுக்கு. கம்பெனி மூடியதால் வெளியே வந்த ஆண்கள், மாமியாரையோ அம்மாவையோ பார்த்துக்கொள்ள வேலையை விட்ட பெண்கள், பெரும்பாலும் 35 தாண்டியவர்கள். வேலை தெரியாதவர்கள் இல்லை. "இனிமேல் என்னை யார் எடுக்கப் போறாங்க" என்று அப்ளை பண்ணுவதையே விட்டுவிட்டவர்கள். பயோடேட்டா, இன்டர்வியூ பயிற்சி, கொஞ்சம் மனம்விட்டுப் பேச்சு. முதலில் தன்னம்பிக்கை வரட்டும், வேலை பிறகு என்பது எங்கள் எண்ணம். கருத்து சொல்லுங்கள்.

பீனியா முரளி: செந்தில் தம்பி, நல்ல மனசு, ஆனால் வரிசையே தலைகீழாக இருக்கிறது. நான் சின்ன மெஷின் ஷாப் வைத்திருப்பவன். உட்கார வைத்துப் பேசினால் தைரியம் வராது, காலையில் எட்டரைக்கு இவர் வராவிட்டால் லேத் நிற்கும் என்று ஒரு இடம் இருந்தால் வரும். அமெரிக்காவில் தீவிர மனநோய் உள்ளவர்களுக்கே 1990களில் இருந்து இதைத்தான் செய்கிறார்கள். ஐபிஎஸ் (Individual Placement and Support) என்று பெயர், போலீஸ் ஐபிஎஸ் இல்லை. மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துத் 'தயார்' ஆக்குவதை விட்டுவிட்டு, நேராகச் சாதாரண சம்பள வேலையில் சேர்த்துவிட்டு, அப்புறம் கூடவே இருந்து உதவுவது. பல நாடுகளில் சோதித்துப் பார்த்ததில் பழைய முறையை விட இதில்தான் அதிகம் பேர் வேலைக்குப் போனார்கள்.

மாரிக்குப்பம் ஸ்டெல்லா: முரளி அண்ணா, அந்த "கூடவே இருந்து" தான் அதில் பாதி, அதை ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். நான் கோலார் தங்கவயல்காரி. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடினபோது எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் ஒரே கதைதான். அப்புறம் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்குப் போக ஆரம்பித்தவர்கள் உண்டு, இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் போய் வருகிறார்கள். போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு. அவர்களைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், பூமிக்கடியில் அந்த வெக்கையில் பாறை உடைத்தவர்கள் அவர்கள். நான் பார்த்தவரைக்கும், முதல் நாள் கூட்டிக்கொண்டு போக ஒரு மச்சானோ பக்கத்து வீட்டு அண்ணனோ இருந்தவர்கள்தான் சீக்கிரம் கிளம்பினார்கள். வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது.

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு மில் ஊர். மில் மூடினபிறகு, 1930களின் தொடக்கத்தில், மரீ யஹோடாவும் கூட இருந்தவர்களும் அங்கே போய் ஆய்வு செய்தார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பெருமளவு குறைந்துவிட்டது, ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துவிட்டது. அப்படி ஆகிப்போன ஒருவரிடம் "எட்டரைக்கு வா" என்றால் எப்படி வருவார்?

ரேவதி, ஆஸ்டின் டவுன்: இரண்டு பேரும் வேலை தேடுபவரை எப்படி மாற்றுவது என்றே பேசுகிறீர்கள். நான் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இடைவெளி உள்ள பயோடேட்டாவை யாரும் படித்து நிராகரிப்பதில்லை, படிக்காமலே ஒதுக்குகிறார்கள். 2013ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கற்பனை பயோடேட்டாக்களை ஆயிரக்கணக்கில் நிஜ வேலைகளுக்கு அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், வேலை இல்லாத மாதங்கள் மட்டும் வேறு. மாதம் கூடக்கூட அழைப்பு குறைந்தது, முதல் எட்டு மாதத்திலேயே பெரிய சரிவு. வேலையில்லாதவர்கள் நிறைந்த ஊர்களில் மட்டும் அந்தச் சரிவு குறைவு. கதவை இந்தப் பக்கம் பூட்டிவிட்டு அவர்களைப் பார்த்து "நம்பிக்கையோடு தட்டுங்கள்" என்று வகுப்பு எடுப்பது அநியாயம் இல்லையா?

பீனியா முரளி: ரேவதிம்மா, மூன்று வருஷம் என்ன செய்தீர்கள் என்று நானும் கேட்பேன், கேட்பது தப்பில்லை. மெஷின் மாறியிருக்கும், கை பழக்கம் விட்டுப்போயிருக்கும், எனக்கும் டெலிவரி தேதி இருக்கிறது.

ரேவதி, ஆஸ்டின் டவுன்: கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். கூப்பிடாமலே முடிவு செய்வதைத்தான் சொல்கிறேன்.

அல்சூர் செந்தில்: வகுப்பு என்றாலே வெறும் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980களில் வேலை இழந்தவர்களுக்காக ஒரு பயிற்சி உருவாக்கினார்கள். அரை நாள் வீதம் ஐந்து நாட்கள், சின்னக் குழு. அதில் முக்கியமான பகுதி, எங்கே அடி விழும் என்று முன்கூட்டியே பேசி, விழுந்தால் அடுத்து என்ன செய்வது என்று ஒத்திகை பார்ப்பது. வந்தவர்கள் சீக்கிரம் வேலைக்குப் போனார்கள், மனச்சோர்வும் குறைந்தது. பின்லாந்தும் அதை எடுத்து நடத்தியது. ரேவதி அக்கா சொன்ன அதே கதவைப் பற்றித்தான் அந்த ஒத்திகை. கூப்பிடாமல் விட்டால் அது உங்கள் தகுதிக்குக் கிடைத்த மார்க் இல்லை என்பதை, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்டால்தான் மனசு ஏற்கும்.

பீனியா முரளி: அரை நாள் வீதம் ஐந்து நாள் என்றால் சரி, தொடர்ச்சியாக வைத்து முடியுங்கள். மாதக்கணக்கில் ஞாயிறு ஞாயிறாக இழுத்தால் வகுப்புக்கு வருவதே அவர்களுக்கு வேலையாகிவிடும். ஆறாவது நாள் ரெண்டு பேரை என்னிடம் அனுப்புங்கள், வாரத்துக்கு மூன்று நாள், டிபரிங் (வெட்டின இரும்பின் ஓரப் பிசிறை எடுப்பது), பேக்கிங், அளவு சரிபார்ப்பது.

ரேவதி, ஆஸ்டின் டவுன்: கூலி? "பழகும்வரை சும்மா" என்றால் நான் எதிர்ப்பேன். தன்னை இலவசமாகக் கொடுத்துத்தான் உள்ளே நுழைய முடியும் என்று ஒருவர் நம்ப ஆரம்பித்தால் அதற்குப் பிறகு எந்த வகுப்பும் அவரை நிமிர்த்தாது. ரெண்டு மாதம் முடிந்தால் லெட்டர்ஹெட்டில் ஒரு அனுபவச் சான்றும் வேண்டும், அதுதான் பயோடேட்டாவில் அந்த இடைவெளியை மூடும்.

பீனியா முரளி: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகமாட்டேன், முதல் நாளிலிருந்தே. சான்றும் தருகிறேன். ஆனால் சொல்லாமல் வராமல் இருந்தால் வைத்துக்கொள்ள முடியாது.

மாரிக்குப்பம் ஸ்டெல்லா: அதில்தான் எனக்கு இன்னும் ஒப்பவில்லை அண்ணா. முதல் மாதத்தில் ஒரு நாள் கட்டாயம் வராமல் இருப்பார்கள். அன்றைக்கு நீங்கள் கணக்கை முடிக்காமல் செந்திலுக்கு ஒரு போன் போடுங்கள், செந்தில் சாயங்காலமே வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். அதற்கு ஒத்துக்கொண்டால் தங்கவயலில் இருந்து ரெண்டு பேரை நானே ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன். அப்புறம் செந்தில், பெண்களுக்கு ஞாயிறு காலை ஆகாது, அன்றைக்குத்தான் வீட்டில் எல்லாரும் சாப்பாட்டுக்கு இருப்பார்கள். வார நாளில் பத்தரைக்கு மேல் வையுங்கள்.