பிரையர் பார்க்கிறேன்: கைக்கு வந்த பாயிண்ட்டை ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

குளிர்விரும்பி:
கனடாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாளாகக் கர்லிங் (ஐஸ்மேல் கல்லைத் தள்ளிவிட்டு, அதன் முன்னால் பிரஷ்ஷால் தேய்த்து, வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம்) என்றாலே ‘வீடு பெருக்குகிற விளையாட்டு’ என்று கிண்டலடித்துவிட்டு சேனலை மாற்றிவிடுவேன். போன வாரம் காய்ச்சலில் சோபாவில் கிடந்தேன், ரிமோட் கைக்கு எட்டவில்லை, அப்படித்தான் டி.எஸ்.என் சேனலில் பிரையர் (கனடாவின் ஆண்கள் தேசிய கர்லிங் போட்டி) ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்க்க நேர்ந்தது, இப்போது விட முடியவில்லை. இரண்டு சந்தேகம். ஒரு எண்டில் (இரண்டு அணியும் தங்கள் கற்களை எல்லாம் வீசி முடிக்கிற ஒரு சுற்று) கடைசிக் கல் ஒரு அணியிடம் இருக்கிறது, வட்டம் காலி, கல்லை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாலே ஒரு பாயிண்ட். அந்த ஆள் வேகமாகத் தள்ளி, அது வட்டத்தைத் தாண்டிப் பின்பக்கமாக வெளியே போய்விட்டது. யாரும் தலையில் கை வைக்கவில்லை, எதிரணிகூட ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த எண்டுக்குத் தயாராகிறது. இன்னொன்று, மாகாணங்கள் மோதுகிற தேசியப் போட்டியில் ‘டீம் கனடா’ என்று ஒரு அணி எப்படி வந்தது?

ஹேமர்பிரியன்:
வேண்டுமென்றேதான் விட்டார். ஒரு எண்டில் கடைசிக் கல்லை வீசும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர். பாயிண்ட் எடுக்கிற அணி அடுத்த எண்டில் ஹேமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருமே பாயிண்ட் எடுக்காவிட்டால் (இதைத்தான் பிளாங்க் என்கிறார்கள்) ஹேமர் இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது அவர் ஒரு பாயிண்ட்டை விட்டுவிட்டு அடுத்த எண்டிலும் கடைசி வார்த்தையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

இந்த மட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு ஹேமரோடு ஒரே ஒரு பாயிண்ட் எடுப்பது கிட்டத்தட்ட தோல்வி. ஹேமர் இருந்தால் இரண்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரணியை ஒன்றோடு நிறுத்த வேண்டும், பாதி ஆட்டம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. மொத்தம் பத்து எண்ட் என்பதால் ஏழாவது எண்டிலேயே ஸ்கிப்புகள் (அணித் தலைவர்கள்) விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், பத்தாவதில் ஹேமர் யாரிடம் இருக்கும் என்று. சமநிலையில் பத்தாவது எண்டுக்குப் போய் ஹேமரும் உங்களிடம் இருந்தால் வேறென்ன வேண்டும்.

பழையகல்:
மேலே சொன்னது சரி, ஆனால் இதே கணக்கு ஒரு காலத்தில் ஆட்டத்தையே தூங்க வைத்தது. 1989இல் சாஸ்கடூனில் நடந்த பிரையர் இறுதி ஆட்டம், பேட் ரயனின் ஆல்பர்ட்டா 3-2 என்று ஜெயித்தது. 3-2! கால்பந்து இல்லை சாமி, கர்லிங். எதிரணி ஒரு கல்லை மறைப்பாக வைத்தால் உடனே அதை அடித்து வெளியே தள்ளு, அடுத்ததை வை, அதையும் தள்ளு. கூட்டம் ‘போரிங், போரிங்’ என்று கத்தியது. எனக்கு அதில் கத்தியவர்கள் மேல்தான் அனுதாபம்.

அப்புறம்தான் 90களில் விதியை மாற்றினார்கள். வட்டத்துக்கு முன்னால் வைத்த மறைப்புக் கற்களை எண்ட் தொடங்கியதும் தூக்கி எறிய முடியாது. இப்போது அது ஐந்து கல் வரைக்கும் நீண்டிருக்கிறது, 2018-19 சீசனிலிருந்து. அதாவது ஆறாவது கல்லில்தான் முதல்முறையாக எதிரணியின் மறைப்பை வெளியேற்றலாம். நீங்கள் சொன்ன எண்டில் வட்டம் காலி, ஆனால் மற்ற எண்டுகளில் கல் குவிந்து கிடந்தால் அதற்கு இந்த விதிதான் காரணம்.

செயின்ட்ஜான்ஸ்காரன்:
டீம் கனடா கேள்விக்கு நான் வருகிறேன். முந்தைய வருடத்து சாம்பியன் மாகாணத் தகுதிப் போட்டி ஆடாமல் நேரே திரும்பி வரலாம், அந்த அணிதான் டீம் கனடா. 2015இல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் சாம்பியனாக இருந்தாலும் சொந்த மாகாணத்தில் தோற்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். (வடக்கு ஒன்டாரியோ என்று தனி அணி இருப்பதும் கண்ணில் பட்டிருக்கும். அது மாகாணமே இல்லை, ஆனால் பிரையரில் அதற்குத் தனி இடம் உண்டு, 2013இல் பிராட் ஜேக்கப்ஸ் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனார்.)

உங்கள் இரண்டு கேள்வியும் ஒரே ஆட்டத்தில் கிடைக்கும், 2017 இறுதி. நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் நடந்தது, எங்கள் ஊர் பிராட் குஷூ ஒரு பக்கம், கெவின் கோவின் டீம் கனடா மறு பக்கம். ஊர்க்காரர்களே கனடாவுக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்துகிற காட்சியை வேறெங்கே பார்ப்பீர்கள்? பத்தாவது எண்ட், 6-6, ஹேமர் குஷூவிடம். கல்லை வட்டத்துக்குள் நிறுத்தினால் போதும். விட்டதும் வேகம் போதவில்லை என்று தெரிந்துவிட்டது. குஷூவின் அணியினர் கேலன்ட்டும் வாக்கரும் பிரஷ்ஷை அழுத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை, கிட்டத்தட்ட 20 கிலோ கல்லை இரண்டு பேர் ஐஸைத் தேய்த்துத் தேய்த்தே வட்டம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 7-6. 1976க்குப் பிறகு நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிடைத்த முதல் பிரையர். நீங்கள் ‘பெருக்குவது’ என்று சொன்னது அதைத்தான்.

குளிர்விரும்பி:
பெருக்குவதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தேய்த்தால் கல் எப்படி அதிக தூரம் போகும்?

பழையகல்:
ஐஸ் வழவழப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய வைப்பார்கள், தோசைக்கல்லில் எண்ணெய் தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், கல் அந்தப் புள்ளிகளின் மேல்தான் போகிறது. வேகமாகத் தேய்த்தால் மேல்பரப்பு கொஞ்சம் சூடாகி உராய்வு குறையும், கல் இன்னும் சில மீட்டர் போகும், வளைவதும் குறையும்.

ஹேமர்பிரியன்:
கலப்பு இரட்டையர் கர்லிங்கில் (ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடுவது) பிளாங்க் செய்தால் ஹேமர் சாதகம் எதிரணிக்குப் போய்விடும், அதை பிரையருக்கும் கொண்டுவரலாம் என்பது என் கட்சி.

பழையகல்:
வேண்டவே வேண்டாம். 3-2ஐத் திட்டினவன் நானே சொல்கிறேன், ஹேமரைப் பத்திரமாகக் கடைசி எண்ட் வரை கொண்டுபோவதும் ஒரு கலைதான். வேண்டுமானால் ஆறு கல் விதி கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

குளிர்விரும்பி:
இன்று இரவு ஆட்டத்தில் ஏழாவது எண்டிலிருந்து நானும் விரல் விட்டு எண்ணப்போகிறேன். ரிமோட்டைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், சத்தத்தைக் கூட்டுவதற்கு.