சுற்றுலாத்துறைப் பட்டத்துக்கான ஆயத்தக் கற்கைநெறி: விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, உதவி தேவை

கொட்டாஞ்சேனை மாணவர்

வணக்கம். பயண, சுற்றுலாத்துறைப் பட்டப்படிப்புக்கு முன்னர் படிக்க வேண்டிய ஆயத்தக் கற்கைநெறிக்கு இணையவழியில் விண்ணப்பித்திருந்தேன். "கல்விச் சான்றுகளைச் சரிபார்க்க முடியவில்லை, திருத்தி மீண்டும் அனுப்பவும்" என்ற ஒரேயொரு வரியுடன் நேற்று மாலை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கேட்ட பத்திரங்கள் அனைத்தையும் இணைத்தே அனுப்பினேன். முடிவுத் திகதி அடுத்த வெள்ளிக்கிழமை. இதே நிலையைச் சந்தித்தவர்கள் என்ன செய்தீர்கள் என்பதைத் தயவுசெய்து விரைவாக அறியத் தாருங்கள்.

வெள்ளவத்தை வாசகி

தம்பி, பதற வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து எவராலும் சரியான பதில் கூற முடியாது. கற்கைநெறி எந்த நாட்டில் நடக்கிறது, அல்லது கொழும்பிலேயே உள்ள தனியார் நிறுவனம் ஒன்றில் நடக்கிறதா? சாதாரண தரத்துடன் விண்ணப்பித்தீர்களா, உயர்தரமும் எழுதினீர்களா, எந்த மொழிமூலத்தில் எழுதினீர்கள்? பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா? "அனைத்துப் பத்திரங்களும்" என்றால் எவை, மூலப் பிரதிகளா, தொலைபேசியில் எடுத்த படங்களா? இவற்றை எழுதினால் உதவக்கூடியவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள்.

ஆங்கில ஆசிரியர், தெமட்டகொடை

இது பெரும்பாலும் பிரித்தானியக் கற்கைநெறியாகவே இருக்கும். அப்படியானால் சிக்கல் ஆங்கிலச் சான்றில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குச் சிறப்புச் சித்தி பெற்றிருந்தாலும் மாணவர் வீசாவுக்கு அது போதாது. பட்டப்படிப்புக்கு நேரடியாகச் செல்பவரின் ஆங்கிலத் தகைமையைப் பல்கலைக்கழகமே தன் சொந்த முறையில் மதிப்பிட்டு ஏற்றுக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது; ஆனால் ஆயத்தக் கற்கைநெறி பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட தரத்தில் இருப்பதால் அந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது. பிரித்தானிய உள்துறை அமைச்சு ஏற்றுக்கொண்ட சோதனை ஒன்றில் வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் ஆகிய நான்கிலும் பீ1 மட்டத்தை, அதாவது ஐரோப்பிய மொழித் தர அளவுகோலின் இடைநிலை மட்டத்தை, எட்ட வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலச் சோதனையின் சாதாரண வகை வேறு, வீசாவுக்கென நடத்தப்படும் யூ.கே.வி.ஐ. வகை வேறு என்பதை அறியாமல் முன்னையதற்குப் பணம் கட்டிவிட்டுத் தவிக்கும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மூத்த உறுப்பினர், பம்பலப்பிட்டி

ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி இதே வடிவத்தில் வருகிறது. விண்ணப்ப வழிகாட்டியை முழுமையாக வாசிக்காமல், பிறர் வாசித்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் ஒருவருக்கு அழகன்று. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆயத்தக் கற்கைநெறி என்று ஒன்று இல்லை, இரண்டு இருக்கின்றன. நான்கு வருடப் பட்டத்தின் முதல் வருடமாகவே அமைவது ஒரு வகை. அதற்கு யூகாஸ் என்ற பிரித்தானியப் பல்கலைக்கழகப் பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக விண்ணப்பிப்பார்கள். தனி நிறுவனம் ஒன்றில் படித்து முடித்து, புள்ளிகளைப் பொறுத்துப் பட்டப்படிப்புக்குள் நுழைவது மற்றையது. அதற்கு நிறுவனத்துக்கே நேரடியாக விண்ணப்பிப்பார்கள். எந்த வகை என்பதே தெரியாதவருக்கு எவ்வளவு ஆலோசனை கூறினாலும் பயன் இல்லை.

வெள்ளவத்தை வாசகி

ஐயா, நீங்கள் கூறிய வேறுபாடு மிகவும் பயனுள்ளது. ஆனால் இளம் பிள்ளை ஒருவர் முதல் முறையாக வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்றை நிரப்பும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் இருப்பது இயல்பு. அதைக் குறையாகக் கூறாமல் உதவுவோம்.

கொட்டாஞ்சேனை மாணவர்

மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பிரித்தானியா, தனி நிறுவனம், நேரடி விண்ணப்பம். உயர்தரம் வர்த்தகப் பிரிவு, தமிழ் மொழிமூலம், மூன்று பாடங்களில் இரண்டில் சித்தி. பத்தொன்பது வயது. இணைத்தவை: இணையத்தில் எடுத்து அச்சிட்ட இரண்டு பெறுபேற்றுப் பக்கங்கள், கடவுச்சீட்டு, யூ.கே.வி.ஐ. வகை ஆங்கிலச் சோதனைச் சான்று. பெறுபேற்றில் என் பெயர் முதலெழுத்துடன் இருக்கிறது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுமையாக இருக்கிறது.

புலம்பெயர் மாணவி, ஊர் வத்தளை

தம்பி, விடை உங்கள் கடைசி இரண்டு வசனங்களிலேயே இருக்கிறது. நானும் இதே வழியாகச் சென்றவள், இப்போது பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் இருக்கிறேன்.

உங்கள் விண்ணப்பத்தைத் திறக்கும் அலுவலர் என்ன பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தாளில் ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி, பிறகு உங்கள் பெயர். இன்னொரு தாளில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்துக்குள் உங்கள் அப்பாவின் பெயர், அதன் கீழ்க் கட்டத்தில் உங்கள் பெயர். அந்த ஒற்றை எழுத்துத்தான் அப்பாவின் பெயர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே மேசையில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்றுதான் அவர் கருதுவார். அதற்கு மேல், நீங்கள் அனுப்பியது இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதி. அதைச் சான்றிதழாக அவர்கள் கணக்கெடுப்பதில்லை.

ஆகவே முதலில் பரீட்சைத் திணைக்களத்திடம் சாதாரண தரம், உயர்தரம் ஆகிய இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பெறுபேற்றுச் சான்றிதழ் கேட்டு இணையவழியில் விண்ணப்பியுங்கள். கொழும்பில் இருப்பதால் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள திணைக்களத்துக்கு நேரில் சென்று விசாரிப்பது உங்களுக்கு இலகு. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலப் பிரதி பெறுங்கள். இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசியையும் முடித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சங்கிலி முழுமையாகும்: பெறுபேற்றில் உள்ள முதலெழுத்தைப் பிறப்புச் சான்றிதழ் விரித்துக் காட்டுகிறது, பிறப்புச் சான்றிதழில் உள்ள தந்தையின் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக நிற்கிறது.

இதே பிறப்புச் சான்றிதழ் வீசாவுக்கும் உதவும். பணத்தை அப்பாவின் கணக்கில் காட்டினால், அவர் உங்கள் தந்தை என்பதற்கான ஆதாரமும் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாளும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும். பெயர்ச் சிக்கலை இப்போதே தீர்த்தால் அந்தக் கட்டத்தில் அலைச்சல் இராது.

ஆங்கில ஆசிரியர், தெமட்டகொடை

பெயர் விடயத்தை நான் மறுக்கவில்லை. எனினும் ஆங்கிலச் சான்றில் நான்கு பகுதிகளின் புள்ளிகளும் தனித்தனியாக எத்தனை என்பதைத் தம்பி இன்னும் எழுதவில்லை. மொத்தப் புள்ளி நன்றாக இருந்து எழுதுதல் மட்டும் குறைந்திருந்தாலும் வீசாவுக்கு அது தோல்விதான்.

ஹோட்டல் துறை, கொள்ளுப்பிட்டி

அனைவரும் பத்திரங்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். இந்தப் பிள்ளை இந்த வழியில் போகத்தான் வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை. காலி வீதியில் உள்ள சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் 1964இல் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கியது. இன்று நட்சத்திர விடுதிகளில் உயர் பதவிகளில் இருக்கும் பலர் அங்கே படித்தவர்கள். தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். ஒரு வருட ஆயத்தப் படிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே தொழிலையும் கற்று, சம்பளத்தையும் பெறலாம். ஆயத்தக் கற்கைநெறியில் இருக்கும் மாணவர் அங்கே பாடசாலைத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பதையும், பட்டப்படிப்பு மாணவருக்கு உள்ள 20 மணித்தியாலம் அவருக்கு இல்லை என்பதையும் கல்வி முகவர்கள் பெரும்பாலும் வாய் திறந்து சொல்வதில்லை.

மூத்த உறுப்பினர், பம்பலப்பிட்டி

சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. உள்நாட்டிலேயே பட்டம் வேண்டுமென்றால் சப்ரகமுவ, ஊவா வெல்லஸ்ஸ, ரஜரட்டப் பல்கலைக்கழகங்களில் சுற்றுலாத்துறைப் பட்டங்கள் இருக்கின்றன. ஆனால் மூன்று பாடச் சித்தியும் போதிய இசட் புள்ளியும் இன்றி அந்தக் கதவு திறக்காது. இரண்டு பாடச் சித்தியுடன் நிற்கும் ஒருவருக்கு ஆயத்தக் கற்கைநெறி நியாயமான வழி என்பதைத் துறையில் இருப்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஹோட்டல் துறை, கொள்ளுப்பிட்டி

நியாயமான வழிதான், ஆனால் இந்தத் துறையின் குணத்தை அறிந்து இறங்க வேண்டும். 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாட்டுக்கு வந்தார்கள். 2019 ஏப்ரல் 21இன் குண்டுவெடிப்புகளும் அதைத் தொடர்ந்த பெருந்தொற்றும் 2020இல் அந்தத் தொகையை ஐந்து இலட்சமளவுக்குத் தள்ளிவிட்டன. மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்ட 2024 வரை சென்றது. அந்த இடைவெளியில் விடுதிகளை விட்டு வெளியேறிய என் சக ஊழியர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. கடனில் படித்துவிட்டு அப்படியொரு காலத்தில் மாட்டிக்கொள்வது எவ்வளவு கொடுமை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

புலம்பெயர் மாணவி, ஊர் வத்தளை

அண்ணா கூறுவது உண்மை. அதனால்தான் பட்டம் வேண்டும் என்கிறேன். விடுதி மூடினாலும் திட்டமிடல், சந்தைப்படுத்தல், விமானச் சேவை என்று திரும்ப இடம் கிடைக்கும்.

தம்பி, இந்த விவாதத்தைப் பிறகு வாசியுங்கள். விண்ணப்பத்தை மீண்டும் அனுப்பும்போது உங்களைப் பற்றி எழுதிய கூற்றையும் திருத்துங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லையே?

கொட்டாஞ்சேனை மாணவர்

மாமாவின் பயணச்சீட்டு முகவர் நிலையத்தில் உதவுகிறேன். யாத்திரை போகிறவர்களுக்குச் சீட்டுப் பதிவு. அதைக் கூற்றில் எழுதவில்லை. "பயணங்களில் சிறு வயது முதல் ஆர்வம்" என்றுதான் எழுதினேன்.

புலம்பெயர் மாணவி, ஊர் வத்தளை

அந்த வசனத்தை நீக்கிவிடுங்கள்; அதை எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் மேசையில் நடப்பதை எழுதுங்கள். இலங்கைக்கு மிக அதிகமாகப் பயணிகள் வரும் நாடு இந்தியா. அங்கிருந்து வருபவர்களுடன் தமிழில் பேசக்கூடிய, நல்லூரையும் திருக்கோணேச்சரத்தையும் கதிர்காமத்தையும் ஒரே பயணத்தில் எப்படி இணைப்பது என்று தெரிந்த இளைஞர் நீங்கள். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாண விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டதும், 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியதும் நம் மக்களின் பயண வழிகளையே மாற்றியிருக்கின்றன. கப்பலா விமானமா என்று ஒரு வயோதிபத் தம்பதியர் வந்து கேட்டால் நீங்கள் எவற்றைக் கணக்கிட்டுப் பதில் சொல்கிறீர்கள்? பொதியின் நிறை, கடல் நிலை காரணமாகச் சேவை நிறுத்தப்படும் வாய்ப்பு, முழங்கால் வலி உள்ளவருக்குப் படி ஏற முடியுமா என்பது. இதை ஒரு பந்தியில் எழுதினால், இந்தத் துறையில் ஏற்கெனவே கால் வைத்தவர் என்று வாசிப்பவருக்குப் புரியும். இந்தத் துறை தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

வெள்ளவத்தை வாசகி

இவ்வளவு நல்ல ஆலோசனைக்கு நன்றி தங்கச்சி. தம்பி, முடிவுத் திகதிக்கு முன் சான்றிதழ் கைக்கு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டை இணைத்து, சான்றிதழ் வந்தவுடன் அனுப்புவதாக அனுமதிப் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். நிபந்தனையுடன் கூடிய அனுமதி வழங்குவது அவர்களிடம் வழமையான நடைமுறை. நிறுவனத்தின் பெயர் பிரித்தானிய அரசின் மாணவர் அனுசரணையாளர் பதிவேட்டில் (வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில்) இருக்கிறதா என்பதையும், பணம் கட்டும் முன்னர் நீங்களே இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்தப் பதிவேடு அனைவருக்கும் திறந்தது.

கொட்டாஞ்சேனை மாணவர்

பெலவத்தைக்குப் போய் வந்தேன். பற்றுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி, சத்தியக் கடதாசி மூன்றையும் அனுப்பினேன். பெயர் விடயம் தீர்ந்தது என்று பதில் வந்தது. நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. ஆங்கிலப் புள்ளிகள் நான்கும் போதும் என்றார்கள். அனைவருக்கும் நன்றி.

ஆங்கில ஆசிரியர், தெமட்டகொடை

மகிழ்ச்சி தம்பி. அடுத்ததாகக் காசநோய்ப் பரிசோதனை இருக்கிறது. இலங்கையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கச் செல்பவர்களுக்கு அது கட்டாயம்; பிரித்தானிய அரசு அங்கீகரித்த நிலையத்தில் மட்டுமே செய்ய வேண்டும், சான்றிதழ் 6 மாதங்களுக்கே செல்லுபடியாகும். ஆகவே மிக முந்தியும் செய்யாதீர்கள், கடைசி வாரம் வரையும் விடாதீர்கள்.